வண்ணத்தை அடக்கிய கலை

வண்ணத் திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை ஒளிர்வின் வளர்ச்சியாகவே காட்டிச் செல்வர். கறுப்பு வெள்ளையில் தொடங்கிய கலை, மேன்மேலும் தெளிவும் செறிவும் பெற்று நிறைவு எய்தியது என்பது அவர்தம் கருத்து. ஆயின் அதற்கு எதிர்த்திசையில் ஓடிய மெல்லிய நீரோட்டம் ஒன்றும் உண்டு. கைக்கு எட்டிய வண்ணத்தைக் குறைத்து, வெளிறச் செய்து, அக்குறைவினாலேயே பொருளைப் பெருக்க முயன்றோரின் வரலாறு அது. சொல்லைச் சுருக்கிப் பொருளை விரிக்கும் கவிஞர்க்கு இவ்வரலாறு அயலானதன்று.

டெக்னிகலர் நிறுவனத்தின் மூவண்ண முறை 1932-இல் அறிமுகமாயிற்று. 1935-இல் அம்முறையில் முதல் முழுநீளக் கதைப்படம் வெளிவந்தது. தூய, செறிந்த வண்ணமே அந்நிறுவனத்தின் பெருமை. அதனைக் காக்கத் தன் வண்ண ஆலோசகர்களையும் படப்பிடிப்புக்கு அனுப்பிற்று. இக்கட்டுப்பாட்டை மீறியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆங்கில ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மாரிஸ். ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் வாழ்வைக் கூறும் 'மூலான் ரூஷ்' (1952) படத்தில், புகையையும் வண்ண வடிகட்டிகளையும் கொண்டு அவ்வோவியரின் தாள்களில் தோன்றும் மென்மையைத் திரைக்குக் கொணர்ந்தார். நிறுவனம் எதிர்த்தது, இயக்குநர் ஜான் ஹூஸ்டன் பின்வாங்கவில்லை. 1956-இல் 'மோபி டிக்' படத்தில் அவ்விருவரும் வண்ணப் படிமத்துடன் கறுப்பு வெள்ளைப் படிமத்தையும் இணைத்து அச்சிடச் செய்தனர்.

இவை யாவும் வில்லைக்கு முன்னும் அச்சிடும் கட்டத்திலும் நிகழ்ந்தவை. படச்சுருளின் உள்ளேயே மென்மையை விதைக்கத் துணிந்தவர் ஃபிரெடி யங். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தின் பாலைவன ஒளியைத் தந்த அவரே, சிட்னி லுமெட் இயக்கிய 'தி டெட்லி அஃபேர்' (1967) படத்தில் அதற்கு நேர்மாறான பணியை மேற்கொண்டார். உளவாளிகளின் சோர்ந்த இலண்டனுக்கு உரிய மங்கலை வேண்டி, காட்சியைப் பதிவு செய்வதற்கு முன்னரே படச்சுருளுக்கு மெல்லிய ஒளியைச் சீராகக் காட்டினார்.

'ஃபிளாஷிங்' எனப்படும் இம்முறையின் நுட்பம் எளியது. சீரான சிற்றொளி படச்சுருள் முழுவதும் ஒரே அளவில் படிகிறது. ஒளி மிகுந்த பகுதிகளில் அச்சிறு கூட்டல் ஏறத்தாழ உணரப்படுவதில்லை. ஒளி குன்றிய நிழற்பகுதிகளிலோ அது பெரும் பங்காகிவிடுகிறது. எனவே கருமை சாம்பலாக நெகிழ்கிறது. இருளில் மறைந்திருந்தவை சற்றே புலப்படுகின்றன. வெண்மை கலந்தாற்போல வண்ணங்கள் இளகுகின்றன. அளவு சற்று மிகினும் காட்சி முழுவதும் மூடுபனியாய்ப் பாழாகும்.

இம்முறையின் உச்சம் எனத்தக்கது ராபர்ட் ஆல்ட்மனின் 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' (1971). ஒளிப்பதிவாளர் வில்மோஸ் சிக்மண்ட் ஹங்கேரியர்; 1956 புரட்சியை நண்பர் லாஸ்லோ கோவாக்சுடன் படம்பிடித்து, அச்சுருள்களோடு நாட்டைவிட்டு வெளியேறியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகும் ஒரு சுரங்கச் சிற்றூரின் கதைக்குப் பழைய, நிறம் மங்கிய புகைப்படத்தின் சாயலை ஆல்ட்மன் வேண்டினார். கனடாவின் மழையில் எடுத்த நெகட்டிவை ஃபிளாஷிங் செய்தும், பனிமூட்ட வடிகட்டிகளை இட்டும் சிக்மண்ட் அதனை ஆக்கினார். கவிஞர் லியனார்ட் கோஹனின் பாடல்கள் அக்காட்சிகளோடு இயைந்து ஒலிக்கின்றன.

ஈண்டு கருதத்தக்கது ஒன்றுண்டு. இம்மங்கலை அச்சுப்படியில் மட்டும் செய்திருந்தால், தயாரிப்பு நிறுவனம் விரும்பியபோது வண்ணத்தை மீண்டும் பளிச்சிடச் செய்திருக்கலாம். மூலநெகட்டிவிலேயே செய்துவிட்டமையால் அவ்வாய்ப்பு அடைக்கப்பட்டது. இதனை எண்ணியே அவ்வாறு செய்ததாக ஆல்ட்மனே பின்னாளில் கூறியுள்ளார். தவறினால் எடுத்த காட்சி மீளாது. வென்றால் அதனை மாற்ற எவராலும் இயலாது. தன் தேர்வைப் பிறர் கை படாவண்ணம் காக்க, தானும் திரும்ப இயலாத வழியைக் கலைஞன் தெரிந்துகொண்டான்.

அவ்வாண்டு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரைகளில் இப்படம் இடம்பெறவில்லை. சிக்மண்டுக்கு அவ்விருது 'குளோஸ் என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' (1977) வழியாகவே வந்தது. எனினும் 2010-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'மெக்கேப்' சேர்க்கப்பட்டது; மங்கிய வண்ணம் மங்காத இடத்தைப் பெற்றது.

'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) போன்ற படங்களுக்குப் பின்னர் வண்ணத்தை இளக்குதல் கணிப்பொறியின் பணியாயிற்று. வேண்டியபோது குறைக்கலாம், வேண்டாதபோது பழையபடி மீட்கலாம். வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதனையும் எப்போதும் திருத்தலாம் என்னும் நிலை, முடிவெடுக்கும் துணிவையும் தள்ளிப்போடச் செய்கிறது. யங்கும் சிக்மண்டும் படச்சுருளில் சேர்த்தது சிறிதளவு ஒளியே. அதனை இட்டபின் அழிக்க இயலாது என்று அறிந்தே இட்டனர். அவர்தம் வண்ணத்தின் மென்மைக்குப் பின்னால் நின்றது அவ்வுறுதியே.