ஐயரும் ஐயரம்மாவும்: பேராக் தோட்டங்களில் ஒரு திருப்பணிக் குடும்பம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சீர்திருத்தச் சபைகளைக் கட்டியவர்கள் தம்பதிகள். கத்தோலிக்கத் திருச்சபை இங்கே வேரூன்றியது பாரிஸ் அயல்நாட்டு மிஷன் குருக்களால். பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்திய ஃபே சாமியாரைப் போன்றவர்கள் துறவிகள். அவர்களுடைய வீட்டில் குடும்பம் கிடையாது. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் நிலைமை வேறு. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1716-ல் மனைவி மரியா தொரொத்தேயாளுடன் தமிழகம் திரும்பியதிலிருந்து, ஊழியரின் வீடே சபையின் முதல் கட்டடம் என்ற வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே படிந்துவிட்டது. அந்த வீட்டைக் குருமனை என்றார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஐயர், ஐயரம்மா.

மலாயாவில் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களுள் பெங்களூரில் பிறந்து நில அளவையாளராக இருந்த வில்லியம் ஓல்டமும் அவருடைய மனைவி மேரியும் முக்கியமானவர்கள். 1885 பிப்ரவரியில் மெதடிஸ்ட் மிஷனரிகளான தோபர்ன் தம்பதியுடன் சிங்கப்பூரில் வந்திறங்கிய அவர்களிடம், வெளிநாட்டிலிருந்து வரக்கூடிய பெரிய பணம் எதுவும் இல்லை. ஆகவே பள்ளி தொடங்குவது, கட்டணமும் அரசு மானியமும் கொண்டு பள்ளியை நடத்துவது, பள்ளியை ஒட்டிச் சபையை வளர்ப்பது என்று ஒரு முறை உருவானது. பத்தாண்டுகளில் அது பேராக்கை எட்டியது. 1895-ல் ஈப்போவுக்கு வந்த ஆங்கிலேயர் வில்லியம் ஹோர்லி, ஒரு மலாய் வீட்டில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் மாணவர்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். தெலுக் அன்சன், கம்பார், சித்தியவான் ஆகிய ஊர்களிலும் அதே பெயரில் பள்ளிகள் அடுத்தடுத்து எழுந்தன.

அன்றைய ஈப்போ கிந்தா ஆற்றங்கரையில் ஈயத்துக்காக அவசரமாக எழுந்த ஊர். 1892-ல் ஒரு பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்திருந்தது. தெருக்களைப் புதிதாக வகுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் குடித்தனம் நடத்த வந்த மிஷனரியின் மனைவிக்கு முதல் பாடம் சந்தையில் கிடைத்தது. மீன் விற்பவர் மலாய்க்காரர், காய்கறி விற்பவர் சீனர், பால் கொண்டுவருபவர் தமிழர். மூவரிடமும் செல்லுபடியானது பஜார் மலாய் ஒன்றுதான். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கொசுவலைக்குள் தூங்க வேண்டும், கொயினா மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரோனால்ட் ராஸ் 1897-98-ல்தான் நிறுவினார்; அதுவரை நச்சுக்காற்றையே பழித்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியக் குழந்தைகள் இந்த வெப்பத்தில் வளர்வது கடினம் என்ற நம்பிக்கை வலுவாக இருந்ததால், ஓரளவு வளர்ந்த பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதங்களில் பிள்ளை வளர்த்த தாய்மார் பலர். மிஷனரி வாழ்க்கையின் உண்மையான விலை இதுதான். ஆண்டறிக்கைகளில் இது கணக்கில் ஏறவில்லை.

அந்த அறிக்கைகளில் மனைவியின் பெயர் இருந்த விதமும் கவனிக்கத்தக்கது. கணவனின் பெயருக்குப் பின்னால் ‘திருமதி’ என்ற ஒரு சொல்தான் அவளுக்குக் கிடைத்தது. பெண்கள் பள்ளியில் கற்பித்தல், ஞாயிறு பள்ளி, தையல் வகுப்பு, விருந்தினருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து என அத்தனையும் அவள் பொறுப்பு. தனிச் சம்பளம் இல்லை. மெதடிஸ்ட் பெண்கள் சங்கம் சோஃபியா பிளாக்மோர் போன்ற மணமாகாத பெண்களைத் தனி ஊழியர்களாகவே அனுப்பத் தொடங்கியபோது அவர்களுக்கு நியமனமும் பெயரும் இருந்தன. மணமானவளின் உழைப்போ கணவனின் கணக்கில் சேர்ந்தது.

பேராக்கில் பணியாற்றிய மிஷனரிகளில் மொழியார்வத்தால் தனித்து நின்றவர் ஜெர்மானியரான லூரிங். உலு கம்பார் மலைப்பகுதியின் பழங்குடி மக்களுடைய பேச்சைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1901-ல் வெளிவந்தது. 1903-ல் சீனாவின் ஃபூச்சௌ பகுதியிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களை அழைத்துவந்து சித்தியவானில் குடியேற்றியதிலும் அவர் பங்கு பெரிது. நெல் பயிரிடுவார்கள் என்று எதிர்பார்த்து வரவழைக்கப்பட்ட அந்தக் குடியேறிகள் வெகு சீக்கிரம் ரப்பருக்கு மாறினார்கள். ரப்பரின் வேகம் அப்படி.

பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ 1877-ல் கோலக்கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகள், முப்பது ஆண்டுகளுக்குள் பேராக்கின் முகத்தையே மாற்றிவிட்டன. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி உருவானதும், தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றும் முறை பெருகியது. ஆட்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் சிறு பகுதியினரே. ஆனால் அவர்கள் தஞ்சை லுத்தரன் சபைகளிலிருந்தும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தும் ஞானஸ்நானச் சீட்டையும் பாட்டுப் புத்தகத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள். தங்களுக்கு ஓர் ஐயர் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதே 1907-ல் முதல் தமிழ் லுத்தரன் போதகர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். மெதடிஸ்ட் சபையும் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஊழியர்களை வரவழைத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் தம்பதியின் வரலாறு படங்களோடு அச்சேறியிருக்கிறது. பேராக்கின் தோட்டத்துச் சபைகளை நடத்தியவர்களோ பெரும்பாலும் இந்தத் தமிழ்த் தம்பதிகள். அவர்களும் கடல் கடந்து வந்த மிஷனரிகளே; அந்தப் பெயரை அவர்களுக்கு யாரும் சூட்டவில்லை.

ஐயரின் வாரத்தைத் தோட்டத்தின் கடிகாரம் தீர்மானித்தது. விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கு எடுத்ததும் ஒவ்வொருவரும் தம் நிரைக்குப் போய்ப் பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் கொட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப நண்பகல் தாண்டிவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆகவே ஐயர் காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பயனில்லை. ஈப்போவிலிருந்தோ சுங்கை சிப்புட்டிலிருந்தோ ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து, அங்கிருந்து செம்மண் பாதையில் சைக்கிளை மிதித்து, பிற்பகலில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்வார்.

உள்ளே நுழையத் தோட்ட நிர்வாகியான தொரையின் அனுமதி வேண்டும். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் யாராக இருந்தாலும் வந்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி கிறிஸ்தவராக இருந்துவிட்டால் வேலை சுலபம். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பலர் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாக இருந்தார்கள். தோட்டத்துக் கிராணிகளிலும் அவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சுலபத்தோடு ஒரு சங்கடமும் வந்தது. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணியும், கூப்பிட்டதும் குரல் கொடுக்கும் பால்வெட்டுக்காரரும் மாலை ஜெபத்தில் ஒரே பாயில் உட்கார வேண்டும். சாதியும் கப்பலேறி வந்திருந்தது. நற்கருணைக் கிண்ணம் எந்த வரிசையில் போகிறது என்பதைக்கூடக் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரசங்கத்தில் சமத்துவம் பேசுவது எளிது. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் மறுக்காமல் இருப்பதில்தான் ஐயரின் ஊழியத்துக்கு உண்மையான சோதனை இருந்தது.

ஆராதனை தோட்டத்துப் பள்ளிக் கொட்டகையில் நடக்கும். அதுவும் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில். பத்துப் பிள்ளைகளாவது இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னதால், பெயரளவிலாவது ஒரு கொட்டகை பல தோட்டங்களில் இருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, ஐயர் பையிலிருந்து எடுத்துவைக்கும் சிறு கிண்ணமும் தட்டும். லுத்தரன் வீட்டுக்காரர் கையில் பப்ரிசியஸின் வேதாகமம், மற்றவர் கையில் பவர் மொழிபெயர்ப்பு. வாசிக்கும்போது வசனங்கள் இடறும். பாட்டில் அந்த இடறல் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எல்லாச் சபையாரும் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். டோலக்கும் கைத்தாளமும் சேர்ந்துவிட்டால், இந்துக் குடும்பங்களும் லயத்து வாசலில் வந்து உட்கார்ந்து கேட்பது வழக்கம்.

ஜெபம் முடிந்த பிறகுதான் மற்ற வேலைகள் வரிசையில் நிற்கும். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். மணியார்டர் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். கணக்கில் சம்பளம் குறைந்திருப்பதைத் தொரையிடம் நயமாகச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு மனைவியை அடித்தவனைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. அதற்கு உரிமமும் இருந்தது. சம்பள நாளுக்கு மறுநாள் ஐயரும் ஐயரம்மாவும் சேர்ந்து போனதற்கு இதுவே காரணம். அடிபட்ட பெண் ஐயரிடம் வாய் திறக்க மாட்டாள். ஐயரம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்தால் எல்லாம் வெளியே வரும்.

ஐயரம்மாவின் வேலை அந்த அடுப்படியிலிருந்தே தொடங்கியது. பிள்ளைப்பேறு, பால்குடி மறத்தல், சொறி சிரங்கு, கண்வலி, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தல் என்று எந்தப் பேச்சும் அவளிடம் வரும். தாய்மார் நிரைக்குப் போகும் நேரத்தில் ஆயாக்கொட்டகையில் விட்டுவைத்த குழந்தைகளுக்குச் சொறியும் இருமலும் தீராதவை. வெந்நீரும் சவுக்காரமும் கொண்டு கழுவக் கற்றுக்கொடுப்பதும் அவளுக்கு ஊழியம்தான். பெண்களைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள்; வேத வசனமே அங்கே அரிச்சுவடி. திருநெல்வேலிப் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பிடியரிசி வழக்கத்தையும் அவளே காத்தாள்: உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பது, மாதத்துக்கு ஒருமுறை அதைச் சபைக்குக் கொடுப்பது. கையில் காசு தங்காத குடும்பம் காணிக்கை தரத் தலைகுனியாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

குருமனையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்த நாள் குறைவு. தோட்டத்திலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளியின் உறவினர், பள்ளியில் சேர வந்த பையன், வேலை தேடி அலையும் வாலிபர் எல்லோரும் அங்கேதான் தங்குவார்கள். அளந்து கிடைக்கும் சம்பளத்தில் அத்தனை பேருக்கும் உலை வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் காலத்தில் கீதபவனி வீடு வீடாகப் போய்விட்டுத் திரும்பும் நேரத்துக்குக் காப்பி தயாராக இருக்க வேண்டும். அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் தேங்காயும் கோழியும் வாழைத்தாரும் அவள் திண்ணையில்தான் வந்து குவியும். மெதடிஸ்ட் ஊழியர்களுக்கு இன்னொரு நிச்சயமின்மையும் இருந்தது: ஆண்டு மாநாடு முடிந்ததும் பேராயர் நியமனப் பட்டியலை வாசிப்பார், தெலுக் அன்சனிலிருந்து தைப்பிங்குக்கு என்று பெயர் வந்தால், நட்ட முருங்கையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சபைகள் சுருங்கின. 1938-ல் இந்திய அரசு கூலியாட்களின் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. புது ஆள் வருவது நின்றது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கையில் விழுந்தது. தப்பிச் செல்லாத மேற்கத்திய மிஷனரிகள் சிங்கப்பூர்ச் சாங்கியில் அடைக்கப்பட்டார்கள். மூன்றரை ஆண்டுகள் சபைகளைத் தாங்கியவர்கள் ஆசிய ஊழியர்களே. தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் மரவள்ளிக்கிழங்கே சோறு. திரும்பி வராதவர்களின் மனைவிமாருக்குத் துணையிருந்தது அந்த ஆண்டுகளில் ஐயரம்மாவின் மிகப் பெரிய வேலை. பிடியரிசிப் பானையில் போட அரிசி இல்லை என்றாலும் பெண்களின் கூட்டம் நிற்கவில்லை.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. மாலை ஜெபமே வாழ்வாக இருந்த சபைகளுக்கு இது பெரிய அடி. கூட்டங்களைப் பகலுக்கு மாற்றவேண்டி வந்தது. சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மேற்கத்திய மிஷனரிகள், தம்பதிகள் உட்பட, இக்காலத்தில் மலாயாவில் சீனர்களை முள்வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கு வந்தார்கள். பேராக்கிலும் அந்த மிஷனரிகள் முள்வேலிக்குள் பலகை வீடுகளில் குடியிருந்து பணி செய்தார்கள். பெரிய பங்களாவிலிருந்த பழைய மிஷனரி வாழ்க்கைக்கும் இதற்கும் ஒட்டில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் ஐயர்மார் லயத்துப் பாயில் உட்கார்ந்து தொடங்கியிருந்த முறைக்கு மேற்கத்தியர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள்.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. வெளிநாட்டு மிஷனரிகள் தங்குவதற்குப் பத்தாண்டு வரம்பு வந்தது. லுத்தரன் சபை 1960-களின் தொடக்கத்தில் தன்னாட்சி பெற்றது; மெதடிஸ்ட் சபை 1968-ல் தனித் திருச்சபையாகி, யாப் கிம் ஹாவை முதல் ஆசியப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமை இல்லாத பல குடும்பங்கள் இந்தியா திரும்பின. மிஞ்சியவர்கள் ஈப்போவின் புறநகர்க் குடியிருப்புகளான தாமான்களுக்கும் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகர்ந்தார்கள். கொட்டகைச் சபைகள் பல பட்டணத்துச் சபைகளோடு இணைந்தன. தோட்டத்து ஞானஸ்நானப் பதிவேடுகளும் அவற்றோடு போயின. குடியுரிமைக்கும் பிறப்புச் சான்றுக்கும் அலைந்த காலத்தில் அந்தப் பதிவேடுகள் சில குடும்பங்களுக்குக் கைகொடுத்தன.

மலேசிய இறையியல் கல்லூரி 1979-ல் தொடங்கியபின் ஊழியர்களுக்கு உள்நாட்டிலேயே, தமிழிலும், பயிற்சி கிடைத்தது. பெண்களும் அங்கே சேர்ந்து படித்தார்கள். ஐயரம்மா என்ற பெயரில் ஒரு நூற்றாண்டாக நடந்த வேலையை, இன்று நியமனக் கடிதத்தோடும் சம்பளத்தோடும் செய்யும் பெண் போதகர்கள் மலேசியத் தமிழ்ச் சபைகளில் இருக்கிறார்கள்.