டாங்கியின் புகையிலிருந்து ஒக்டேன் வரை: ரிக்கார்டோ நிறுவனத்தின் வரலாறு

எரிபொருள் நிரப்பு நிலையங்களில் ‘ஒக்டேன் 92’, ‘ஒக்டேன் 95’ என்ற பெயர்களைத் தினமும் பார்க்கிறோம். அந்த எண்களுக்கு வழிசமைத்த ஆய்வுகளில் இங்கிலாந்தின் ரிக்கார்டோ நிறுவனத்துக்கு முக்கிய பங்குண்டு.

பொறியியலாளர் ஹரி ரிக்கார்டோ (1885–1974) 1915இல் இந்நிறுவனத்தை ஆரம்பித்தார். அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரித்தானியாவின் ஆரம்பகால டாங்கிகள் கக்கிய புகை, அவை நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. ரிக்கார்டோ வடிவமைத்த, புகை குறைந்த 150 குதிரைவலு எஞ்சின் மார்க் 5 டாங்கியில் பொருத்தப்பட்டது.

1919இல் நிறுவனம் ஷோர்ஹாம் என்ற கடலோர நகருக்கு இடம்மாறியது. அமுக்க விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய சோதனை எஞ்சினை உருவாக்கி, ஷெல் நிறுவனத்துக்காகப் பல எரிபொருட்களைப் பரிசோதித்தனர். சிலிண்டரில் கடைசியாக எரியாமல் எஞ்சும் கலவை தானாகவே தீப்பற்றுவதால்தான் எஞ்சின் ‘தட்டுகிறது’ என்பது தெளிவானது. எரிபொருட்களின் தட்டாத தன்மையை ரிக்கார்டோ டொலுயீன் எண்ணால் தரப்படுத்தினார். இன்றைய ஒக்டேன் எண்ணுக்கு அது முன்னோடி. உயர் அமுக்க எஞ்சினுக்குக் குறைந்த ஒக்டேன் பெற்றோல் அடித்தால் இன்றும் அதே சத்தம் கேட்கும்.

1931இல் காப்புரிமை பெற்ற ‘கொமெட்’ எரியறை, வேகமாகச் சுழலும் சிறிய டீசல் எஞ்சின்களுக்கு வழிதிறந்தது.

ரிக்கார்டோ என்ற பெயரில் வீதியில் கார்கள் ஓடுவதில்லை. ஆனால் 2011இல் விற்பனைக்கு வந்த மெக்லாரன் காரின் எஞ்சின், ஷோர்ஹாமில் தயாரானதுதான்.