பஸ்சை பார்த்து கடிகாரத்தை திருப்பிய மதுரை! டி.வி.எஸ். பஸ் கம்பெனியின் கதை

மதுரை: டி.வி.எஸ். என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் வருவது மொபட், பைக்தான். ஆனால் அந்த மூன்று எழுத்து முதலில் ஓடியது பஸ்சில். அதுவும் நம்ம மதுரையில்.

நெல்லை மாவட்டம் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். வக்கீல் தொழில், ரெயில்வே வேலை, பேங்க் வேலை என்று எல்லாம் பார்த்தார். எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு 1911-12-ல் மதுரையில் பஸ் விட இறங்கினார். ஜனங்கள் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் போய்க்கொண்டிருந்த காலம் அது.

பஸ் விடுவது பெரிசில்லை. நேரத்துக்கு விட்டாரே, அதுதான் பெரிசு. டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தை சரி செய்துகொள்ளலாம் என்று ஊரே பேசியது. ரோட்டில் கிடக்கும் லாட ஆணி குத்தி டயர் பஞ்சராகாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பெட்ரோலுக்கு கடும் தட்டுப்பாடு. பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர் வீட்டில் அடுப்பு எரியாது. சுந்தரம் அய்யங்கார் அசரவில்லை. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியை தயாரித்தார். டிரம்மில் அடுப்புக்கரியை போட்டு, காற்றை அளவாக விட்டு எரித்தால் கேஸ் வரும். அதில் என்ஜின் ஓடும். பெட்ரோல் அளவுக்கு இழுவை கிடையாது. கிளப்பவும் நேரமாகும். ஆனாலும் வண்டி போய் சேர்ந்தது.

மகன்கள் தலையெடுத்து லாரி, உதிரி பாகம், கார் விற்பனை என்று தொழிலை விரித்தார்கள். 1954-ல் சுந்தரம் பைனான்ஸ் வந்தது. சொந்த வண்டி வாங்க நினைத்த எத்தனையோ லாரிக்காரர்களுக்கு தவணையில் கடன் கிடைத்தது இப்படித்தான். 1955-ல் சுந்தரம் அய்யங்கார் காலமானார். காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சவுந்தரம் இவருடைய மகள்தான்.

அரசு எடுத்தது

சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் ஓடிய குடும்ப பஸ்கள் கடைசியில் கைவிட்டு போயின. கருணாநிதி முதல்வராக இருந்தபோது பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை அரசே எடுத்துக்கொண்டது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்து கழகம் பிறந்தது. கோவை பக்கம் பொள்ளாச்சி ஏ.பி.டி. பஸ்களுக்கும் இதே கதிதான். அங்கே உருவானது சேரன்.

லாபம் வரும் ரூட்டில் மட்டும் பஸ் விட்டால் குக்கிராமத்துக்காரன் எதில் போவான் என்பது அரசு பக்க நியாயம். நேரம் தவறாத பஸ் போச்சே என்பது பயணிகள் பக்க ஆதங்கம். இரண்டையும் தள்ளிவிட முடியாது.

பஸ் போனாலும் குடும்பம் ஓயவில்லை. 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபட் வந்தது. பால்காரர், காய்கறி வியாபாரி என்று எல்லோரும் அதில் மூட்டை கட்டினார்கள். நாலு தலைமுறை ஒன்றாக நின்ற சொத்தை 2022-ல் குடும்பத்தினர் சண்டை சச்சரவு வெளியில் வராமல் பிரித்துக்கொண்டனர்.

பாண்டியன் என்ற பெயரும் 1997-ல் போய்விட்டது. மதுரையில் டி.வி.எஸ். நகர் இருக்கிறது. அங்கே போக அரசு பஸ்தான் ஏற வேண்டும்.