கோணேஸ் என்ற பெயரிலேயே ஊர் இருக்கிறது

போன கிழமை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "நம்ம ஊர்ப் பாட்டுக்காரர் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்க" என்று கேட்டேன். யூடியூப்பில் பாடுகிற இரண்டு பொடியன்களின் பெயர் வந்தது. "பரமேஷ் - கோணேஷ் தெரியுமா?" என்றேன். "அது யார் சேர்?" என்றார்கள். பிள்ளைகளில் பிழையில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நாங்கள்தான் சொல்லவில்லை.

எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் இருவரும் திருகோணமலைச் சகோதரர்கள். இலங்கையில் தமிழ் மெல்லிசைப் பாட்டை முதன்முதலில் இசைத்தட்டாக வெளியிட்டவர்கள் என்று அந்தக் காலத்து ரசிகர்கள் இவர்களைத்தான் சொல்வார்கள். 1960களின் கடைசி, 70களின் தொடக்கம். "உனக்குத் தெரியுமா" என்ற பாட்டைச் சொன்னால் அறுபது வயது தாண்டியவர்களுக்கு இன்றைக்கும் முகம் மலரும்.

ஒரு இசைத்தட்டில் என்ன பெரிய விசயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளை கேட்கலாம். அப்போது பாட்டு என்றால் இந்தியச் சினிமாப் பாட்டுத்தான். கடையில் வாங்கும் தட்டும் அங்கிருந்து வந்ததுதான். சிங்களத்தில் ருக்மணி தேவியும் மொஹிதீன் பேக்கும் இசைத்தட்டில் எப்போதோ பாடிவிட்டார்கள். (மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த நம்மவர், அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) நம்முடைய தமிழ்ப் பாடகர்களுக்கோ இலங்கை வானொலிதான் கதி. வானொலி போட்டால் பாட்டு உண்டு, போடாவிட்டால் இல்லை. நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் அந்தச் சின்னத் தட்டு அப்படியல்ல. காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், நினைத்த நேரம் கேட்கலாம். கொழும்பை எதிர்பார்க்கத் தேவையில்லை.

பொப் பாட்டை அப்போது துள்ளிசை என்றும் சொன்னார்கள். "சின்ன மாமியே" பாடிய நித்தி கனகரத்தினத்தையும், "சுராங்கனி"யைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுபோன ஏ.ஈ. மனோகரனையும் எல்லோருக்கும் தெரியும். மனோகரன் 2018இல் காலமானபோது இந்தியப் பத்திரிகைகளும் எழுதின. திருகோணமலைச் சகோதரர்களைத் திருகோணமலையே மறந்தது எப்படி?

என் கணிப்பு இது. 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர் இது. கோயில் மேளமும் பாங்கும் தேவாலயப் பாட்டும் ஒரே காற்றில் கேட்கும். கிற்றார் பிடித்த இளைஞர்கள் இங்கிருந்து வந்தது ஆச்சரியமில்லை. பிறகு யுத்தம் வந்தது, ஆட்கள் சிதறினார்கள். பரமேஷின் குடும்பமும் ஜெர்மனிக்குப் போனது. மனைவி மாலினியும் பாடகி, மகள் பிரபாலினியும் பாடகி. பாட்டு நிற்கவில்லை, இடம்தான் மாறியது. 2004இல் கடலும் வந்து, எத்தனையோ வீடுகளில் இருந்த பழைய படங்களையும் தட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனது.

கோணேஸ் என்ற பெயர் கோணேசர் இருக்கும் இந்த ஊரில்தான் வீட்டுக்கு வீடு உண்டு. பெயரைக் கேட்டாலே ஊர் தெரியும். அந்த வீட்டுக்கு வெளியே ஒரு பலகை போடக் காசு பெரிதாக ஆகாது. அதைவிட முதல் வேலை, சகோதரர்கள் வளர்ந்த வீட்டையும் ஒத்திகை பார்த்த இடத்தையும் நேரில் கண்ட பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது. இரண்டு மாணவிகள் கொப்பியோடு தயாராக நிற்கிறார்கள். உங்கள் மூத்தப்பாவோ, பக்கத்து வீட்டு ஐயாவோ அவர்களுடைய கச்சேரி பார்த்தவர் என்றால் எனக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அலுமாரிக்கு மேலே அந்தத் தட்டு கிடந்தால் தயவுசெய்து பழைய சாமானோடு போட்டுவிட வேண்டாம்.