கடன் போன பி.டி. பீரியட்

வளரும் பிள்ளைகள் ஏன் இப்படி உடம்பு வைக்கிறார்கள் என்று கேட்டால், எல்லோரும் கடையில் தொங்கும் பாக்கெட்டைக் காட்டுகிறார்கள். அதற்கும் பங்கு உண்டு. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் காட்டுவது கால அட்டவணையை.

ஒரு காலத்தில் சிலம்பமும் குஸ்தியும் ஊரில் இருந்தன. பள்ளிக்குள் இருந்தது பட்டாளத்து டிரில்தான். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். விளையாட்டும் படிப்பின் ஒரு பகுதி என்ற எண்ணம் நம் பள்ளிகளில் வேர்விட அது பெரிய காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த எண்ணம் உயிரோடு இருந்தது. காலையில் கயிறு பிடித்து, கொட்டாங்கச்சியில் சுண்ணாம்புத் தூளை அள்ளி, கோகோ கோடு போடுவேன். உடம்பான பையன் ஓடக் கூச்சப்படுவான். அவனை உட்காரும் எட்டுப் பேரில் ஒருவனாக வைப்பேன். முதுகில் கை பட்டு ‘கோ’ என்ற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடியே ஆக வேண்டும். வெட்கப்பட நேரம் இருக்காது. கொஞ்ச நாளில் அவனே மணியடிக்கும் முன் மைதானத்தில் நிற்பான். ‘குண்டா’ என்று கூப்பிடுபவனை மட்டும் நான் சும்மா விட்டதில்லை.

1978இல் பிளஸ் டூ வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு. “சார், போர்ஷன் முடியலை, இந்த ஒரு பீரியட் மட்டும்” என்று கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். அரையாண்டு முடிந்தால் பீரியட் முழுக்க அவருடையதுதான். 2007இல் நுழைவுத் தேர்வு போயிற்று, பீரியட் திரும்பவில்லை. பிறகு நீட் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கொடுமை: வயதுக்கு வந்ததும் ஓட்டம் ஆட்டம் எல்லாவற்றையும் வீடே நிறுத்திவிடும்.

விடிந்தும் விடியாமலும் டியூஷன், இரவிலும் டியூஷன். தூக்கம் குறைந்தால் பசி கூடும். அந்தப் பசிக்கு 1990களில் வந்து குவிந்த சிப்ஸும் குளிர்பானமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 2024இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம், 2022இல் 1.25 கோடி.

பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்கள் விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் சுவருக்கு உள்ளே, மைதானத்தில் பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும்போது, இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்றும் கேளுங்கள்.