செய்தியும் சாட்சியும்: தாம்பரம் புறநகரில் சமயச் சமூகங்களின் குடிமைப் பங்கு

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. சமூக ஊடகமே சென்னையைக் காப்பாற்றியது என்று அப்போது பலர் எழுதினர். அது பாதி உண்மைதான். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்த தெருக்களில் சிக்கியிருந்தவர்களிடம் இணையம் இல்லை. அவர்களுக்கான வேண்டுகோள்களை வெளியூர் உறவினர்களே பரப்பினார்கள். ‘முதல் மாடி, முதியவர் இருவர், இன்சுலின் தேவை’ என்பது போன்ற செய்தி, அவர்களைப் படகில் ஏற்றிய பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று இடுப்பளவுத் தண்ணீரில் போய்ப் பார்த்துச் சொல்ல யாரோ வேண்டியிருந்தது.

இந்தச் சாட்சி வேலையில்தான் சமயச் சமூகங்களின் பங்கைத் தேட வேண்டும் என்பது என் வாதம். பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாரையும் தங்கவைத்தன; தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் மீட்பில் இறங்கினர்; தியாகராய நகர் குருத்வாராவில் உணவு சமைக்கப்பட்டது. கூரை, கழிப்பறை, அண்டா குண்டா எல்லாம் அங்கே முன்பே இருந்தன. அவற்றைவிட முக்கியமானது ஆளறிந்த அமைப்பு. பள்ளிவாசல் ஜமாஅத்துக்குச் சந்தாப் பதிவேடு உண்டு. கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியம் உண்டு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியும். கோயிலின் நிலை வேறு. இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலுக்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது; அதன் குடிமை ஆற்றல் திருவிழாக் குழு, கோயிலைத் தூய்மை செய்யும் உழவாரப் பணிக் குழு வழியாகவே வெளிப்படுகிறது. இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது.

ஆனால் தெரிந்தவர் அனுப்பினார் என்ற நம்பிக்கையில் வதந்தியும் ஏறிக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தில்லி தப்லீக் ஜமாஅத் மாநாட்டை ஒட்டி, கொரோனாவைப் பரப்பியதாக முஸ்லிம் சமூகத்தின் மீதே பழி பரவியது. ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கும்பல் தடுத்தது. அதே காலத்தில் தமுமுகவினர் சாதி சமயம் பாராமல் இறந்தோரை அடக்கம் செய்தனர். அடிக்கடி பகிரப்பட்ட செய்தியை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அந்த ஆண்டு வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அதனால் வேகம் குறையலாம். அனுப்பியவர் மீதுள்ள நம்பிக்கை அப்படியேதான் இருக்கும்.

இத்தகைய பகை கலவரமாவதைச் சமயங்களைக் கடந்து இயங்கும் சங்கங்களே தடுக்கின்றன என்று 2002இல் அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னே இந்திய நகரங்களை ஒப்பிட்டுக் காட்டினார். தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் ஏரியைக் காக்கத் திரண்டது அவ்வகைச் செயல். நிவாரணம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதில் கொடுப்பவரும் பெறுபவரும் உண்டு. வடிகால் ஏன் அடைத்தது என்று கேட்பவரோ குடிமகனாகக் கேட்கிறார். 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் அதைக் கேட்க இடமும் இருக்கிறது: 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

எந்தப் பதிவேட்டிலும் அன்பியத்திலும் இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும் வடமாநிலத் தொழிலாளரும் அந்தச் சபைக்கு வர வேண்டும். அவர்களுக்கும் சேர்த்து, கூட்டத் தேதியை ஜும்ஆவுக்குப் பின்னும் ஞாயிறு திருப்பலி அறிவிப்பிலும் கோயில் வாசல் பலகையிலும் சொல்லும் பொறுப்பைச் சமயச் சமூகங்கள் ஏற்க வேண்டும்.