சம்பளத்துக்கு ஒரு மேனேஜர்: வீட்டு உரிமையாளர் சங்கங்களின் கதை

சொந்த வீடு வாங்கிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஏராளமான குடியிருப்புகளில் வீட்டோடு சேர்த்து சங்கமும் வருகிறது. பூங்கா, நீச்சல் குளம், உள் சாலை எல்லாம் பொது. அவற்றின் செலவை எல்லோரும் பகிர்ந்து கட்ட வேண்டும். இதைத்தான் வீட்டு உரிமையாளர் சங்கம் என்கிறார்கள். சரி, கட்டிய பணத்தை யார் நிர்வகிப்பது?

ஆரம்பத்தில் இது பெரிய கேள்வியே இல்லை. 1844-ல் பாஸ்டன் நகரின் லூயிஸ்பர்க் ஸ்கொயரில், நடுவில் இருந்த சிறு பூங்காவைச் சொந்தச் செலவில் பராமரிப்பதாகச் சுற்றிலும் வீடு வைத்திருந்தவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், சிறிய கணக்கு. தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

1929-ல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் குடியிருப்பு உருவானபோது கதை மாறியது. கார்களுக்குத் தனி வழி, நடப்பவர்களுக்குத் தனி வழி என்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் அது. அதன் சங்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் வழக்கறிஞர் சார்லஸ் ஆஷர். அந்தக் காலத்தில் டேட்டன் போன்ற அமெரிக்க நகரங்களில் ஒரு புதிய முறை இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கொள்கையை முடிவு செய்யும், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மேனேஜர் அதை நிறைவேற்றுவார். ஆஷர் இந்த முறையை ராட்பர்னுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். நகர மன்றத்தை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ராட்பர்னில் சங்கத்தின் முழு உறுப்பினர்கள் அறங்காவலர்களும் முன்னாள் அறங்காவலர்களும் மட்டுமே. பணம் கட்டியவர்களுக்கு மேனேஜர் கிடைத்தார், அந்த மேனேஜருக்கு மேலே யார் உட்காருவது என்பதில் அவர்களுக்குச் சரியான வாக்குரிமை கிடைக்கவில்லை. பெரிய கம்பெனிகளில் உரிமை ஓரிடத்திலும் கட்டுப்பாடு வேறிடத்திலும் இருப்பதை பெர்லியும் மீன்ஸும் 1932-ல் புத்தகமாக எழுதினார்கள். அதே கதை இங்கே ஒரு குடியிருப்புக்குள் நடந்துகொண்டிருந்தது!

1960-களில் அடுக்குமாடி வீடுகளுக்கான சட்டங்கள் வந்த பிறகு சங்கங்கள் பெருகின. 1970-ல் சுமார் 10,000 என்று மதிப்பிடப்பட்டவை இன்று 3,50,000-ஐத் தாண்டிவிட்டன. 1973-ல் இத்துறைக்கென்று தேசிய அமைப்பே தோன்றியது. வேலைக்குப் போகும் உறுப்பினர்களால் மாலை நேரத்தில் கணக்கு, காப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? தொழில்முறை நிர்வாக நிறுவனங்கள் வந்தன. சந்தா வசூல், பில் கட்டுவது, ஒப்பந்ததாரரை அழைப்பது, விதி மீறினால் கடிதம் அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. உண்மையிலேயே பெரிய உதவிதான்.

ஆனால் வேலையை ஒப்படைத்தவர்கள் கவனத்தையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டால்? 2003 முதல் 2009 வரை லாஸ் வேகாஸில் நடந்தது அதற்கு உதாரணம். ஒரு மோசடிக் கும்பல் பினாமிகள் பெயரில் வீடு வாங்கி, சங்கத் தேர்தல்களில் தில்லுமுல்லு செய்து, நிர்வாகக் குழுக்களைக் கைப்பற்றியது. பிறகு நிர்வாகி, வக்கீல், பழுது பார்க்கும் ஒப்பந்ததாரர் எல்லோரும் அவர்கள் ஆட்களே. நாற்பது பேர் அளவில் தண்டனை பெற்றார்கள். இங்கே வாக்குரிமை இருந்தது, அதைக் காவல் காக்கத்தான் போதிய ஆள் இல்லை.

ராட்பர்னில் நிலைமை தலைகீழ். கவனிக்க ஆள் இருந்தார்கள், உரிமை இல்லை. சில குடியிருப்பாளர்கள் 2006-ல் வழக்குத் தொடர்ந்தார்கள், நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை. விடாமல் சட்டமன்றம் வரை போனார்கள். 2017-ல் நியூ ஜெர்சி அரசு சட்டத்தைத் திருத்தி, உரிமையாளர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. ஊர் உருவாகி 88 வருடங்கள் கழித்து!

நல்ல நிர்வாக நிறுவனத்தை அமர்த்துவதில் தவறே இல்லை. வேலையைச் சம்பளத்துக்குக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழுவுக்குப் போய் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் எந்த நிறுவனமும் ஆள் அனுப்பாது. அது வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டியது.